கடைசி பெஞ்சின் கேள்வி

"மூணு தடவை விளக்கியாச்சு. இன்னும் புரியலையாம்! யாருன்னு மட்டும் தெரியட்டும், அந்த மரமண்டையை வகுப்புக்கு வெளியே நிக்க வைக்கிறேன்!"

பொருளாதாரப் பேராசிரியர் மடிக்கணினியைப் பார்த்துக் கத்தினார்.

"கத்தாதீங்க. ரெக்கார்ட் ஆயிட்டிருக்கு" என்றாள் மனைவி, எதிரே ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி.

பல்கலைக்கழகத்தில் புது ஏற்பாடு. பேராசிரியர்கள் பாடத்தை வீடியோவாக எடுத்து இணையத்தில் போட்டுவிட வேண்டும். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துவிட்டு, அங்கேயே இருக்கும் கேள்விப் பலகையில் சந்தேகம் கேட்பார்கள். வகுப்புக்கு வந்தால் விவாதம் மட்டும்தான்.

நம்மவருக்கு வீடியோ எடுக்கவும் வராது, ஏற்றவும் வராது. கடவுச்சொல் உட்பட எல்லாம் மனைவி கையில். அவ்வளவையும் கொடுத்தவருக்கு, அவள் வாயைத் திறந்தால் மட்டும் ஆகாது.

"ஏங்க, இப்போ ஒண்ணு சொன்னீங்களே, அது எப்படி..."

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஆட்டாம பிடி, போதும்."

முதல் மாதம் கேள்விப் பலகையில் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. துறைத்தலைவி கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், யாரும் கேள்வி கேக்கலைன்னா யாரும் வீடியோவே பாக்கலைன்னுதான் மேலிடத்துல நினைக்கிறாங்க. இந்த மாசமும் இப்படியே போனா, உங்க பாடத்துக்கு வெளியில இருந்து வீடியோ வாங்கிடுவாங்களாம். நீங்க ஆபீஸ் வேலையைப் பாக்க வேண்டியதுதான்."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினதுக்கு இதான் மரியாதையா?" என்று மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் பலகையில் முதல் கேள்வி விழுந்தது. புனைபெயரிலும் கேட்கலாம் என்பதால், கேட்ட ஆள் 'கடைசி பெஞ்சு' என்று போட்டிருந்தது.

'விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிறீர்கள். உப்பு விலை ஏறினால் சமையலில் உப்பைக் குறைத்தா போடுவார்கள்?'

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினார்.

'புரியவில்லை' என்றது கடைசி பெஞ்சு.

மறுபடி எழுதினார். மறுபடியும் 'புரியவில்லை'. மூன்றாவது தடவை எழுதியதற்கும் அதே பதில். அந்தக் கோபத்தில்தான் மேலே பார்த்த கத்தல்.

கத்தினாரே தவிர, நாலாவது தடவையும் விளக்கினார். அதற்குள் மற்ற மாணவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. இந்த ஆளே வெட்கப்படாமல் கேட்கும்போது நமக்கென்ன? ஒருத்தி உதாரணத்துக்குச் சிகரெட்டைக் கொண்டுவந்தாள், ஒருவன் பெட்ரோலைக் கொண்டுவந்தான். பலகை நிரம்பி வழிந்தது. இதுவரை வாயே திறக்காதவர்கள் வகுப்பில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள்.

துறைத்தலைவி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை காபி கொடுத்து, "உங்க பாடத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க சார்" என்றார்.

பேராசிரியர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு நேராக வகுப்புக்கு ஓடினார்.

"யாருப்பா அந்தக் கடைசி பெஞ்சு? எழுந்திரு. சத்தியமா திட்ட மாட்டேன்."

நிஜமான கடைசி பெஞ்சில் இருந்தவன் பதறி எழுந்தான். "நான் இல்ல சார்! நான் இதுவரைக்கும் ஒரு வீடியோகூட பாக்கலை சார்!"

வகுப்பே சிரித்தது. வேறு யாரும் எழவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. மனைவி அடுத்த வீடியோவுக்கு ஃபோனைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"என் பாடம் பிழைச்சதே அந்தப் புண்ணியவானாலதான். ஆனா ஆள் அகப்படவே மாட்டேங்கிறான்!"

"அகப்பட்டா என்ன பண்ணுவீங்க? வெளியே நிக்க வைப்பீங்களா?"

"சேச்சே! பக்கத்துல உக்கார வச்சு, கேக்க கேக்கச் சொல்லிக் கொடுப்பேன். இப்படிக் கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்சதே இல்ல."

மனைவி ஃபோனைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"உப்பு புரிஞ்சிடுச்சுங்க. தங்கம் மட்டும் விலை ஏற ஏற ஏன் ஓடி ஓடி வாங்குறாங்க? அதைச் சொல்லுங்க."