ஒரு காய் போதும்

"மாமரத்தைப் போன்சாயா வளர்க்க நல்ல புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்டாள் சுகிர்தா.

காரைக்கால் புத்தகக் கடைக்காரர் பஞ்சநாதன் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வைத்தார். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது போதும்மா. ஆல், அத்தின்னு சுலபமானதுல ஆரம்பிங்க."

அவள் புரட்டிப் பார்த்தாள். "இதுல மாமரமே இல்லீங்களே. எனக்கு அது காய்க்கவும் வேணும்."

"மரம் குட்டையாகும், காய் குட்டையாகாதும்மா. கிளை தாங்காது."

"ஒரு காய் போதுங்க. மாங்கனித் திருவிழாவுல சாமி ஊர்வலத்தப்ப இறைச்சதுல, பிள்ளை வரம் கேட்டு நான் பிடிச்ச பழம். கொட்டையை நட்டேன், முளைச்சிருச்சு. வாடகை வீடு, அதான் தொட்டியிலயே வளர்க்கணும். அதுல காய்க்கிற பழத்தைத்தான் சாமி வர்றப்ப மாடியிலேர்ந்து இறைக்கணும்."

"வரம் பலிச்சவங்கதானே இறைப்பாங்க. உங்களுக்குக் குழந்தை..."

"பொறக்கலைங்க. இனிமேலும் பொறக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"மனசைத் தேத்திக்கம்மா. இந்த மரமெல்லாம் எதுக்கு?" என்றார் பஞ்சநாதன் மெதுவாக.

அதற்குள் படப் புத்தக அலமாரிப் பக்கமிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து சுகிர்தாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, நம்ம மாங்கன்னுக்குப் புத்தகம் கெடைச்சிருச்சா?"

"போன மாசம்தாங்க தத்தெடுத்து வீட்டுக்குக் கூட்டியாந்தோம்," என்றாள் சுகிர்தா.

சிறுமி கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "பழத்தை நான்தான் வீசுவேன் தாத்தா."

பஞ்சநாதன் மெல்லிய புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழமரங்களுக்கான பெரிய புத்தகத்தை எடுக்க ஏணியில் ஏறினார்.