பச்சை வலை

அபராதம் போட வந்த அதிகாரியின் கண்ணெதிரிலேயே அந்த ஆள் ரப்பர் குழாயைப் பிடித்து நீச்சல்குளத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

கலியோபிக்கு வருமான வரி இலாகாவில் பதினாறு வருஷ சர்வீஸ். இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை அவள் பார்த்ததில்லை.

"மெனெலாஸ் நீங்கதானே?"

"ஆமா."

"வருஷத்துக்கு எட்டாயிரம் யூரோ வருமானம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா."

"எட்டாயிரத்துல குளம் எப்படி வந்துச்சு?"

"நானே கட்டினேன். என் தொழிலே அதுதான்."

ஏதென்ஸுக்கு வடக்கே இந்த மலைச்சரிவில் குளம் வெட்டுகிறவர்கள், வெட்டிய கையோடு மேலே பச்சை வலையையும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். வீட்டில் குளம் இருந்தால் அதற்கேற்ற வருமானமும் இருக்கும் என்று இலாகா கணக்குப் போடும். வலை இருந்தால், குளம் தேடி வானத்திலிருந்து படம் எடுக்கும் இலாகாவுக்கு வெறும் புல்தரை.

மெனெலாஸ் வீட்டு வலை மட்டும் சுவரோரம் குவிந்து கிடந்தது.

கலியோபி ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். மொட்டைக் கடிதத்தோடு வந்தது. மேலிருந்து எடுத்திருந்தார்கள். வலை இல்லாத குளம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நீல ஓடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு மூலையில் சிவப்புப் பூ ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

"போன மாசம் மலையில தீ பிடிச்சுதே, அதுக்கு மறுநாள் எடுத்தது. தண்ணியை வடிச்சுட்டா குளம் இல்லைன்னு ஆயிடுமா?"

மெனெலாஸ் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தி எங்கேயோ பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என் குளம்தான்."

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் ஸ்டாதிஸ். கையில் ஐஸ் காபி.

"விடாதீங்க மேடம்! இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடே குட்டிச்சுவராப் போச்சு. ஏய் மெனெலாஸ், கட்ட முடியலைன்னா இடத்தை எனக்கு வித்துடு. நல்ல விலை தரேன்."

"ஐஸ் உருகுது, குடிங்க வக்கீலய்யா."

கலியோபி கூட்டிப் பார்த்தாள்.

"ஆறு வருஷத்து வரி, வட்டி, மறைச்சதுக்கு அபராதம். முப்பத்தோராயிரத்து நானூறு."

மெனெலாஸ் குழாயைக் கீழே போட்டார்.

"வேனை வித்தா பாதி தேறும். மீதிக்குத் தவணை உண்டா?"

"வேனை வித்துட்டுத் தொழிலுக்கு எதுல போவீங்க?"

"நடந்து போறேன்."

அவள் குனிந்து வலையைப் புரட்டினாள். கயிறு பிய்ந்திருக்கவில்லை. சீராக அறுபட்டிருந்தது.

"இது கத்தியால அறுத்ததுதானே?"

"ஆமா. நான்தான் அறுத்தேன்."

"ஆறு வருஷமா மூடி வெச்சதை எதுக்கு அறுத்தீங்க?"

"அவசரம்."

"அவசரமாம் அவசரம்!" சமையலறையிலிருந்து அவர் மனைவி ஊரானியா வெடித்துக்கொண்டு வந்தாள். "வாய்க்கு என்ன பூட்டாய்யா போட்டிருக்கு? நான் சொல்றேன் மேடம். அன்னைக்குத் தீ கீழேருந்து ஏறி வருது. தலைக்கு மேல ஹெலிகாப்டர் தண்ணி தேடிச் சுத்துது. கடலுக்குப் போய் வர இருபது நிமிஷம். தீக்கு அஞ்சு நிமிஷம் போதும். மேலேருந்து பாத்தா ஓட்டறவனுக்கு எல்லாமே புல்லு! இவரு கத்தியைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு. வலையை அறுத்து இழுத்துப் போட்டாரு. ஹெலிகாப்டர் தும்பிக்கை மாதிரி குழாயை விட்டு நாலு தடவை உறிஞ்சிச்சு. குளம் காலி, தீயும் காலி. இந்த மலையில இவரு கையால கட்டின குளம் எத்தனை தெரியுமா? ஒருத்தராவது அன்னைக்கு வலையை..."

"ஊரானியா! போதும்."

கலியோபி கீழே பார்த்தாள். மலை முழுக்கக் கரி. அந்தக் கரி ஏறி வந்து, வக்கீல் வீட்டு மதிலோரம் கோடு கிழித்தது போல நின்றிருந்தது. அதற்கு மேலே வரிசையாகப் பதினோரு வீடு. ஒன்றிலும் ஓடு கூடக் கறுக்கவில்லை. வரும்போதும் இதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

மெனெலாஸ் பக்கம் திரும்பினாள்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்க. அபராதத்தைக் குறைக்கச் சொல்லி நானே மேலிடத்துல பேசறேன். ஒண்ணுதான்... மத்த குளமெல்லாம் யார் யார் வீட்டுலன்னு கேப்பாங்க."

"அப்போ வேணாம். கையெழுத்து எங்கே போடணும்?"

"சார்!"

"ஏமாத்தினது நான். கட்ட வேண்டியதும் நான். அவனவன் குளம் அவனவன் பாடு."

அவள் நீட்டிய தாளில் போட்டார். மறுபடி குழாயைத் தூக்கிக் குளத்துக்குள் விட்டார்.

"இப்போ எதுக்கு நிரப்பறீங்க?"

"வெயில் போக இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஹெலிகாப்டர் திரும்ப வந்தாலும் வரும்."

கலியோபியால் அடக்க முடியவில்லை.

"மொட்டைக் கடிதம் போட்டவரும் இந்த மலைக்காரர்தான். யாருன்னு தெரிஞ்சா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க."

மெனெலாஸ் அவள் கையிலிருந்த போட்டோவின் மூலையில் தெரிந்த சிவப்புப் பூவின் மேல் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் வக்கீல் வீட்டு மாடியைக் காட்டினார். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியில் அதே பூ ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு," என்றார். "நின்னு போட்டோ எடுக்க அந்த மாடி மிஞ்சியிருக்கே. அது போதும்."