அடைக்கோழிக்குக் கம்பு கிடையாது

கோழிகளின் அரசாங்கம் ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. உழைக்கிற கோழிக்கு மட்டும்தான் இனி கம்பு. யார் உழைக்கிறார்கள் என்று பார்க்கும் அதிகாரியாக ஒரு சேவலை நியமித்தார்கள்.

சேவல் முதலில், கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த செவலைக் கோழியிடம் வந்தது.

"இன்னைக்கு முட்டை போட்டியாம்மா?"

"இல்லீங்கய்யா. அடைக்கு உட்கார்ந்திருக்கேன்."

"சும்மா உட்கார்றதுக்கெல்லாம் கம்பு கொடுத்தா அரசாங்கம் என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ நீங்க முட்டை போடுறீங்களாய்யா?"

"நான் கூவுறேனே! அது அரசுப் பணி."

செவலை பட்டினி கிடந்து பார்த்தது. முடியவில்லை. கூடையை விட்டு இறங்கியது. கொஞ்ச நாளில் மறுபடி முட்டை போட்டது, கம்பும் வந்தது. அதைப் பார்த்து மற்ற கோழிகளும் அடைக்கு உட்காருவதை விட்டுவிட்டன. பார்த்த இடமெல்லாம் முட்டை. "வரலாறு காணாத சாதனை!" என்று சேவல் கூரை மேல் ஏறிக் கூவியது. அரசாங்கம் அதற்கு மாலை போட்டது.

காலம் ஓடியது. கோழிகளுக்கு வயதாகி, முட்டை நின்றுபோனது. சேவல் பதறிக்கொண்டு செவலையிடம் ஓடிவந்தது.

"இளவட்டமெல்லாம் எங்கம்மா? வேலைக்கு ஒரு குஞ்சைக்கூடக் காணோமே!"

மூலையில் கூமுட்டையாகி நாறிக்கிடந்த குவியலைச் செவலை அலகால் காட்டியது.

"அதோ, உங்க சாதனைக்குள்ளதான் இருக்காங்கய்யா."