ஷூ கடிக்கிற இடம்

"பல்லைப் பார்க்கக் கூப்பிட்டுட்டு ஷூவையே பார்க்கறீங்களே டாக்டரம்மா!"

சாய்வு நாற்காலியில் மல்லாந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் கால்களை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கட்டடத்தின் பழுதான லிஃப்டைச் சரிசெய்ய வந்தவர் அவர். நாலாவது மாடியில் வாய் கொப்பளித்தபோது தொட்டியெல்லாம் ரத்தம். மூச்சு வாங்காமல் படியேறி வந்த பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கையோடு அங்கிருந்த தன் கிளினிக்குக்குள் அழைத்து வந்துவிட்டார்.

"வாயைப் பார்த்தாச்சு. ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு. இந்த ஷூவோட பின்பக்கத்தை ஏன் இப்படி வெட்டி வச்சிருக்கீங்க?"

"அதையேன் கேக்கறீங்க! கடிக்குது. மூணு ஜோடி மாத்திட்டேன். பெரிய சைஸும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்துலதான் கடிக்குது. மோட்டார்ல எந்த மூலையில சத்தம் வந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன், இந்த எழவு மட்டும் பிடிபடல."

"கழட்டுங்க."

டாக்டர் அவருடைய குதிகாலுக்கு மேலே அழுத்திப் பார்த்தார். அங்கே தசைநார் கட்டைவிரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. இரண்டு காலிலும்.

"அதே கையை வாயில வச்சிடாதீங்கம்மா!"

"கையுறையை மாத்திட்டுத்தான் வைப்பேன், பயப்படாதீங்க. தப்பு ஷூ மேல இல்ல தம்பி. இது கொழுப்புப் படிஞ்ச வீக்கம் மாதிரி இருக்கு. அப்பா இருக்காரா?"

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கியது.

"நாப்பத்தஞ்சுல போயிட்டார். மாரடைப்பு. பெரியப்பாவும் அப்படித்தான். எங்க வீட்டுக்கு எழுதி வச்ச கெடு அது. எனக்கு இப்ப நாப்பத்திமூணு. பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ ஸ்கூல் முடிக்கிறதைப் பார்த்துட்டா போதும். இந்தப் பல்லும் அதுவரைக்கும் தாங்கினா போதும்."

"கெடுவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பரம்பரையா வர்ற கொழுப்புக் கோளாறா இருக்கும். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும். பொறந்ததுலேருந்தே கொழுப்பு ஜாஸ்தியாகி ரத்தக் குழாயோட சுவர்ல படியும். ஈறு புண்ணா இருந்தா அங்கேயிருந்து கிருமியும் ரத்தத்துல இறங்கும். ஏற்கெனவே கொழுப்புப் படிஞ்ச சுவரை அது இன்னும் சீண்டிவிடும். லிஃப்ட் ஓடற தண்டவாளத்துல கிரீஸ் அப்பிக் கிடக்கு, மேல தூசியும் விழுதுன்னா என்ன ஆகும்?"

"பசையாப் பிடிச்சுக்கும். வண்டி திக்கும்."

"அதேதான். எது எதை எவ்வளவு கெடுக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா ரெண்டையும் சேர்த்து வளர விடக் கூடாது. ஈறைச் சுத்தம் பண்றதால மட்டும் கொழுப்பு குறையாது, அதுக்கு இதய டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கணும். பொண்ணுக்கும் ரத்தம் பார்த்துடுங்க. சின்ன வயசுலயே பிடிச்சிட்டா ரொம்ப நல்லது."

"படிச்சவங்க சொல்லிடுவீங்க." மெக்கானிக் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். "இந்தக் காலோட செத்தவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். இந்தக் காலோட கிழவனானவன் ஒருத்தனைக் காட்டுங்க, அப்புறம் வாயைத் திறக்கறேன்."

டாக்டர் முக்காலியை அப்படியே சுழற்றி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களைப் பின்னால் நீட்டினார்.

டாக்டருடைய துணி ஷூக்களின் பின்பக்கமும் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தது. அந்த வெட்டுக்குள் அதே புடைப்பு, கொஞ்சம் வற்றிப்போய்.

"எங்கப்பா நாப்பதைக்கூடத் தாண்டல தம்பி. நான் தினமும் மாத்திரை போடறேன், ஈறைப் புண்ணாக விடறதில்ல. வர்ற மாசம் எழுபது முடியுது, உங்க லிஃப்ட் நின்னுபோனதுலேருந்து நாலு மாடியும் நடந்துதான் ஏறறேன்!"