எளச்சுப் போன சாமி

"அம்மா, இந்த வாரம் அன்பரசு தம்பி குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம். நீங்களே ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்களேன்" என்று போனுக்குள்ளிருந்து பாஸ்டர் கேட்டுவிட்டார்.

கேட்டது யாரிடம்? எங்கம்மா மயிலம்மாளிடம்.

அண்ணன் அன்பரசு ஞானஸ்நானம் எடுத்த செய்தி வந்த அன்றைக்கே, இனி அவன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னவள். மூன்று வருஷமாக அவனோடு பேச்சு இல்லை. அவன் பேரைக்கூட எடுக்க மாட்டாள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் 'ரிக்குக்காரன்' என்பாள். ஒரே பையன், சபையில் சேர்ந்துவிட்டால் நாளைக்குத் தனக்குக் கொள்ளி வைக்க ஆள் ஏது என்று கோபம். கோபமா பயமா என்று எனக்கே தெரியாது.

ஆனால் டிவியில் ஆப்பிரிக்கா என்று வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள்.

அண்ணன் போர்வெல் ரிக் வண்டியோடு தான்சானியா போனவன். ஞாயிற்றுக்கிழமையானால் சோறும் ரசமும் கிடைக்கிறது என்று அங்கே ஒரு தமிழ்ச் சபைக்குப் போனான். சோற்றுக்குப் போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். காய்ச்சலில் கிடந்தபோது அந்த ஆட்கள்தான் மாற்றி மாற்றிக் கஞ்சி ஊற்றினார்களாம்.

சபை என்றால் பெரிய கட்டடமெல்லாம் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி. நாகர்கோவில் நர்சுகள், தூத்துக்குடி மெக்கானிக்குகள். பாஸ்டர் ஞானசிகாமணிக்கு நாசரேத் பக்கம். எல்லாம் தெற்கத்தியார். எங்கள் பக்கத்து ஆள் அண்ணன் ஒருத்தன்தான்.

வாரம் ஒருத்தர் வீட்டை வீடியோவில் கூப்பிட்டு ஜெபிப்பது அவர்கள் வழக்கம். நீ மட்டும் வந்தால் போதும், அம்மாவுக்குக் காட்டாதே என்றுதான் அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தான்.

நான் என்ன செய்வேன்? புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும். அங்கேதான் அம்மா முறத்தை மடியில் வைத்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஹைவேயில் போகும் லாரிகூடத் தூக்கத்தில் போவது மாதிரிதான் கேட்டது.

போனுக்குள் அவர்களுக்கு இன்னும் காலைப் பொழுது. தகர ஓட்டைகள் வழியாக விழுந்த வெயில் நர்சுகளின் வெள்ளை முக்காட்டின்மேல் மெல்ல ஊர்ந்தது. உதடு அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் குரல் வந்தது. எல்லோரும் கிணற்றுத் தண்ணிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் கண் சொக்கியது.

பின்சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசு படம் போட்ட காலண்டர். அதற்குக் கீழே அடுப்பு. அடுப்பின் பக்கத்தில் கரண்டியும் கையுமாக அண்ணன். திரையில் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். புளிக் கை பட்டுத் திரையெல்லாம் பிசுபிசுத்தது.

அவள் ஜெபிக்கத் தயாராகிவிட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, அங்கே எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். நான் மூடவில்லை. போனைத் தூக்கி எறிந்தால் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா?

"சாமி..." என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள்! அடிப்பாவி, நீயுமா?

"இப்பிடி எளச்சுப் போயிட்டயே சாமி. கழுத்தெலும்பு தெரியுதே."

ஒரு நர்ஸ் விசும்பினாள். காலண்டரில் இருந்தவர் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்.

"என்ற ஊட்டுப் படி ஏறாதேன்னு நாந்தான் சொன்னேன். ரோசத்துல சொல்லிப்போட்டேன். அன்னைல இருந்து ஒரு வாய் சோறு எனக்கு நிம்மதியா எறங்குல. நீ எந்தக் கோயல்ல இருந்தா என்ன, ஒருக்கா வந்துட்டுப் போ சாமி."

கொட்டகையே அதிர்ந்தது. ஆமென், ஆமென் என்று நாற்காலிகள் நகர்ந்தன. பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி, இந்தத் தாய் கதவைத் திறந்துவிட்டாள், உள்ளே வாரும் கர்த்தாவே என்று கண்ணீரோடு கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்தது. தூக்கிய கைகள் தூக்கியபடி, மூடிய கண்கள் மூடியபடி. அம்மா மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் அசைவதற்கு முன்பே, எங்கிருந்தோ ஒரு குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது.

"வாரேனுங்கம்மா."

படம் அசைந்தபோது பாஸ்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல் கேட்கவே இல்லை, அதனால் நானே மறந்துபோயிருக்கிறேன்.

அங்கே அண்ணன் சட்டைக் கையில் முகத்தை அழுத்திக்கொண்டு தேம்பினான். இங்கே நானும் அழுதேன், மறைப்பானேன்.

அம்மா மட்டும் அழவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"அப்பறமா அழுதுக்கலாம் சாமி. பொறத்தால ரசம் பொங்குது பாரு, அடுப்பக் கொற."

அண்ணன் திரும்பி அடுப்பைக் குறைத்தான்.