லேஸ் அவிழ்ந்த இடம்

காட்டுப்பாதை மேடேறும் இடத்தில் டீச்சருக்கு மூச்சு வாங்குகிறது. நடைக்குழுவில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். முன்னே போகிறவர்களின் சிரிப்பும் தொப்பிகளும் மரங்களுக்குள் மறைகின்றன. பேசாமல் திரும்பிவிடலாமா என்றிருக்கிறது அவளுக்கு. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு கடைசி ஆளாக வருவது தபால்காரரின் பொறுப்பு. "ஒரு நிமிஷம்மா, லேஸ் அவுந்துபோச்சு" என்று மூன்றாவது தடவையாகக் குனிகிறார். "இதோட பெரிய ரோதனையாப் போச்சு." டீச்சர் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள். இலைகளுக்கிடையே விழும் வெயில் அவர் காலில் ஆடுகிறது. அப்போதுதான் கவனிக்கிறாள். பட்டையை இழுத்து ஒட்டுகிற ஷூ அது, லேஸே கிடையாது. விரல்கள் மட்டும் மும்முரமாக இல்லாத முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அவள் பார்வையை மரத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே" என்கிறாள். "அவசரமே இல்ல."