பேசாத கருவி

கட்டுப்பாட்டு அறையில் எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் வெறுமையாயின. துகள் முடுக்கியின் வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்த கற்றை மொத்தமும், அதை உள்வாங்கி நிறுத்துவதற்கென்றே வைத்த கிராஃபைட் பாளத்துக்குள் போய் அடங்கிவிட்டது.

புதிதாகப் பொறுப்பேற்றிருந்த இயக்குநர் வேகமாக உள்ளே வந்தார். "கற்றை பாதை மாறிடுச்சா?"

"இல்ல சார்," என்றார் பாதுகாப்புப் பொறியாளர். "கற்றை போற குழாய் ஓரமா இருக்கற ஒரு கண்காணிப்புக் கருவி பேசறத நிறுத்திடுச்சு, அதுலேர்ந்து சிக்னலே வரல. உடனே கற்றை தானா நின்னுடுச்சு."

"அது கத்தினா நிறுத்தணும், சரி. சும்மா இருந்தாலுமா?"

"அப்பதான் சார் ரொம்ப பயப்படணும். கத்தற கருவி உயிரோட இருக்கு. பேசாம இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. தெரியறதுக்குள்ள குழாய் உருகிடும்." என் பக்கம் திரும்பினார். "இல்லையா?"

"ம்," என்றேன். கற்றையை இயக்குவது என் வேலை.

இயக்குநர் பொறியாளரைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டையும் இதே மாதிரி கவனிச்சுக்கறீங்களா?"

"வீட்ல இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல சார். முன்னல்லாம் எதுக்கெடுத்தாலும் சண்டை. இப்ப எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. நிம்மதியா இருக்கேன்."

நான் கற்றையை மறுபடி ஏற்றத் தொடங்கினேன்.

மாலையில் பாதுகாப்புப் பொறியாளர் கார் சாவியோடு என் நாற்காலி அருகே வந்து நின்றார். "கிளம்பலாமா?"

கல்யாணமானதிலிருந்து ஒரே காரில்தான் வந்து போகிறோம். புது இயக்குநருக்கு அது தெரியாது.

"நீங்க போங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். என் பெட்டியெல்லாம் மதியமே அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

கார் சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"நீ ஒண்ணுமே சொல்லலையே," என்றார்.

"ம்," என்றேன்.